சொல்லக்கூடாத சுப்பன்

ஏழு ஏரிகளும் ஒரே ஒரு கோட்டை வாயிலும் கொண்ட நாடு அது. பெயர் பொற்கரை. ஏரிகள் ஏழாக இருந்ததற்குக் காரணம் பழைய ராஜாக்கள். வாயில் ஒன்றாக இருந்ததற்குக் காரணம் சிக்கனம். அரண்மனை, நீதிமன்றம், தானியக் களஞ்சியம், சிறைச்சாலை எல்லாமே கோட்டைக்குள்தான். பட்டுக்குடையின் கீழ் போகிறவரும் கைவிலங்கோடு போகிறவரும் அந்த ஒரே வாயில் வழியாகத்தான் போய்வர வேண்டும். பொற்கரையில் சமத்துவம் என்று ஏதாவது இருந்ததென்றால் அது அந்த வாயிலில்தான் இருந்தது.

அந்நாட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. அங்கே பெயர் என்பது எழுதிவைக்கிற சமாசாரம் அல்ல, கூப்பிடுகிற சமாசாரம். குழந்தைக்கு மூன்று வயதானதும் குடும்பத்தில் மூத்தவர் அதன் முன்னால் உட்கார்ந்து பெயரை மூன்று முறை கூப்பிடுவார். மூன்றாம் அழைப்புக்குக் குழந்தை "இருக்கேன்" என்று சொல்லிவிட்டால் பெயர் அதற்குச் சொந்தம். அன்று முதல் சாகும்வரை எல்லாக் காரியமும் இப்படித்தான். நீதிமன்றத்தில் மூன்று முறை கூப்பிடுவார்கள். களஞ்சியத்தில் அரிசி அளக்கும்போதும் அப்படியே. தேர்தலிலும் அப்படியே. பொற்கரையில் ராஜாவைத் தேர்தலில்தான் தேர்ந்தெடுப்பார்கள். நிற்பவர் ஒருவர்தான் என்பதால் குழப்பம் வராது.

சிறையிலிருந்து விடுதலையாவதற்கும் இதே வழிதான். தண்டனைக் காலம் முடிந்தவனை வாயிலில் நின்று மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றாம் அழைப்புக்குப் பதில் சொன்னவனை எவரும் மறிக்கக் கூடாது, ராஜா உட்பட. இதை முதலாம் ராஜா வாயிற்கல்லிலேயே வெட்டி வைத்துவிட்டார். கல்லில் வெட்டியதை மாற்றுவது செலவு பிடிக்கும் என்பதால் அது அப்படியே இருந்தது.

நம் கதை நடந்த காலத்தில் ஆண்டுகொண்டிருந்தவருக்கு ராஜாதிராஜ ராஜகம்பீர பராக்கிரம கேசரி என்று தொடங்கும் பெயர். அது எங்கே முடியும் என்று அவருடைய முடிசூட்டு விழாவுக்கு வந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். மூன்று முறை கூப்பிட்டு முடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதாம். முழுதாகத் தெரியாத பெயரை யாராலும் வெறுக்க முடியாது. ராஜாவுக்கு அந்தப் பாதுகாப்பு இருந்தது.

மற்றவர்களுக்கு அது இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ராஜா மனுக்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். சேவகன் "சுப்பன், சுப்பன், சுப்பன்" என்று கூப்பிட்டான். "இருக்கேன்" என்று ஒருவன் முன்னால் வந்தான். மூன்றாம் ஏரியின் மடையைத் திறந்து மூடுவது அவன் வேலை. மடைப்பலகை உளுத்துப்போய்விட்டது, மழைக்கு முன் மாற்றாவிட்டால் கீழே இருக்கிற மூன்று ஊர்களுக்கும் ஆபத்து, வேங்கைப் பலகை ஒன்று வேண்டும் என்று சொன்னான். போன வருஷமும் இதைச் சொல்லத்தான் வந்ததாகவும், அதற்கு முந்தின வருஷமும் வந்ததாகவும் சொன்னான். ராஜா முகத்தைச் சுளித்தார். புளியங்காயைக் கடித்ததுபோல அவருக்குப் பல் கூசியது.

தலைமை அமைச்சர் குனிந்து, "மனுவில் ஏதேனும் பிழை உள்ளதா, மகாராஜா?" என்றார்.

"மனு நியாயமானது."

"ஆள் சரியில்லையோ?"

"ஆளையும் குறை சொல்வதற்கில்லை." ராஜா தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "பெயராக இருக்கும். ஆம், பெயர்தான். சுப்பன் என்ற பெயர் எனக்குப் பிடிக்கவில்லை."

ஏன் என்று கேட்கிற பழக்கம் அந்தச் சபையில் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் சில பெயர்கள் ஆகாது. உங்களுக்கும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் சிலேட்டை உடைத்தவன் பெயர், நம்மை வேண்டாம் என்றவள் கட்டிக்கொண்டவன் பெயர். காரணமே இல்லாமலும் சில பெயர்கள் காதில் விழுந்ததும் எரிச்சல் வரும். நமக்குப் பல் கூசினால் வெந்நீரில் வாய் கொப்பளிப்போம். ராஜாவுக்குப் பல் கூசினால் சட்டம் வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டம் மறுநாளே வந்தது. பொற்கரையில் எவரும் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. அந்தப் பெயருக்குப் பதில் சொல்லவும் கூடாது. மீறினால் இரண்டு மாதம் சிறை. இதைத் தண்டோரா போட்டவன் முதல் தெருவில் எந்தப் பெயர் என்று சொன்னான். உடனே அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் தெருவுக்கு வந்தவன் விவரம் தெரிந்தவன். "ஒரு பெயர் தடை செய்யப்பட்டிருக்கிறது. எது என்பதை அவரவர் அறிந்து நடந்துகொள்ள வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அந்தத் தெருவில் பல மாதங்களுக்கு யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "குப்பனும் சுப்பனும் எனக்கு ஒன்றுதான்" என்று சொல்லிப் பழகிய நீதிபதி, "குப்பனும் இன்னொருவரும்" என்று மாற்றிக்கொண்டார்.

ராஜாவுக்கு ஒரு பெயர் பிடிக்காது என்றானதும் அமைச்சர்களுக்கும் ஆளுக்கொரு பெயர் பிடிக்காமல் போயிற்று. பிடிக்காதது என்று ஒன்றாவது இல்லாவிட்டால் பெரிய மனிதர் என்று யார் மதிப்பார்கள்? படை அமைச்சர் தம் சம்பந்தியின் பெயரைச் சொன்னார். கல்வி அமைச்சருக்கு எந்தப் பெயரும் மனதில் வரவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டுப் போய், யாருக்குமே இல்லாத ஒரு பெயரோடு திரும்பினார். அந்தப் பெயரும் பட்டியலில் ஏறியது.

நாட்டில் மொத்தம் நாற்பத்தொரு சுப்பன்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ராஜாவின் செலவிலேயே புதுப்பெயர் வழங்கப்பட்டது. எல்லோருக்கும் ஒரே பெயர்: விசுவாசன். களஞ்சியத்தில் "விசுவாசன்" என்று கூப்பிட்டால் நாற்பத்தொரு பேர் "இருக்கேன்" என்றார்கள். முன்னால் நின்றவனுக்கு அரிசி கிடைத்தது. மற்ற நாற்பது பேரும் அரிசி வாங்கிவிட்டதாகப் பதிவாயிற்று.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் ஏரியின் மடைப்பலகை, சொன்னபடியே, பிளந்தது. தண்ணீர் கீழ் ஊரைப் பார்த்துப் பாய்ந்ததும் கரையில் நின்றவர்களுக்குச் சட்டம் மறந்துவிட்டது. "சுப்பா, மடை போச்சு, ஓடியா" என்று கத்தினார்கள். "இதோ இருக்கேன்" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தவன் தன் வீட்டுக் கதவைப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தான். அதை மடையில் குறுக்கே வைத்து முதுகைக் கொடுத்து நின்றான். மற்றவர்கள் மண்மூட்டை போட்டு முடிக்கும்வரை அவன் கழுத்தளவு தண்ணீரில் நின்றான்.

மழைக்கு ஒதுங்கி நின்ற பெயர்க் கண்காணிப்பாளர் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். கூப்பிட்டவர்கள் முந்நூறு பேர். பதில் சொன்னவன் ஒருவன். முந்நூறு பேரைச் சிறையில் வைக்க இடமில்லை. நீதிபதி, ஊரைக் காப்பாற்றியதற்காகச் சுப்பனை மனமாரப் பாராட்டிவிட்டு, பதில் சொன்னதற்காக இரண்டு மாதம் கொடுத்தார்.

மீதிச் சுப்பன்களையும் விட்டுவைக்கவில்லை. கண்காணிப்பாளர்கள் சிறப்பு அனுமதி வாங்கிக்கொண்டு சந்தைகளில் போய்ப் பின்னாலிருந்து அந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தவர்களை எல்லாம் பிடித்தார்கள். நாற்பது வருஷம் ஒரு பெயருக்குத் திரும்பிய கழுத்து ஒரே மாதத்தில் மறந்துவிடுமா? பத்து நாளில் நாற்பத்தொரு பேரும் உள்ளே இருந்தார்கள்.

சுப்பன் மனைவி செல்லாயி வாரம் தவறாமல் கோட்டை வாயிலுக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்தாள். கதவில்லாத வீட்டில் ஆடுகள் வந்து படுத்துக்கொண்டன. அதைப்பற்றி அவள் கவலைப்படவில்லை. இரண்டு மாதம் முடிந்தால் ஆள் வந்துவிடும், கதவு செய்துகொள்ளலாம் என்று இருந்தாள். இரண்டு மாதம் முடிந்து மூன்று வாரமாகியும் ஆள் வரவில்லை.

வாயிற்காவலர் வீராச்சாமி முப்பது வருஷம் அந்தக் கதவண்டை நின்றவர். சட்டத்தில் இருந்தால் செய்வார், இல்லாவிட்டால் செய்யமாட்டார். இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை இருப்பது அவருக்குத் தெரியாது.

"தண்டனை தீர்ந்துபோச்சு தாயி. நாப்பத்தோரு பேருக்கும் தீர்ந்துபோச்சு" என்றார். "ஆனா பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தானே விட முடியும்? எந்தப் பேருக்காக உள்ள வந்தானோ அந்தப் பேரு. அத நான் சொன்னா நானும் உள்ள போகணும். அப்புறம் என்னையக் கூப்பிட ஒரு ஆள் வேணும்."

"அப்ப எப்பத்தான்ணே வருவாரு?"

"சட்டப்படி இன்னைக்கே வரலாம். சட்டப்படி வரவும் முடியாது."

செல்லாயி சோற்று மூட்டையைக் கீழே வைத்தாள். பிறகு அந்தச் சட்டத்தை முழுசாகப் படித்துக்காட்டச் சொன்னாள். வீராச்சாமிக்குச் சட்டம் படிப்பதென்றால் கோயிலில் தேவாரம் படிப்பதுபோல. ஓலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பெயர் வருகிற இடத்தை மட்டும் கட்டைவிரலால் மூடிக்கொண்டு படித்தார். ஆண், பெண், முதியோர், சிறியோர் எவரும் மேற்படி பெயரை வாயால் சொல்லக் கூடாது, மேற்படி பெயருடையோரின் மனைவியர் நீங்கலாக என்று படித்தார்.

"அது என்ன நீங்கலாக?"

"பொஞ்சாதிமாருக்குத் தடை போடல. புருசன் பேரத்தான் நீங்க எப்படியும் சொல்லமாட்டீங்களே, அதுக்கு எதுக்கு ஒரு சட்டம்னு விட்டிருக்காங்க. கீழேயே எழுதியிருக்கு பாரு, 'இல்லாத குற்றத்துக்கு ஓலையை வீணாக்குவானேன்' அப்படின்னு."

"அப்ப நான் சொல்லலாமா?"

"சொல்லலாம்னு இல்ல தாயி. சொல்லமாட்டீங்கன்னு இருக்கு."

செல்லாயி அந்த வரியை இன்னும் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

எட்டு நாள் அவள் வரவில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. "ஏங்க", "இந்தாங்க", "எங்க வீட்டுல". அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் நம்பினாள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அவளுக்கு அது தீ சுடும் என்பதுபோலத் தெரிந்த விஷயம். பெயரைச் சொல்லாவிட்டால் அவன் வெளியே வரமாட்டான். சொன்னால் வெளியே வந்து சீக்கிரம் செத்துப்போவான். இந்த இரண்டில் எதை எடுப்பது? யாரிடமும் கேட்க முடியாத கேள்வி இது. எட்டு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில், உள்ளே இருந்து நூறு வருஷம் வாழ்வதைவிட வெளியே வந்து கொஞ்சம் குறைவாக வாழட்டும் என்று தீர்மானித்தாள். ஒழுகிக்கொண்டிருந்த மடைக்குப் போய், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே நின்று சொல்லிப் பார்த்தாள். தொண்டையிலேயே நின்றது.

ஒன்பதாம் நாள் காலையில் வாயிலுக்கு வந்தாள். முதல் முறை வெறும் காற்றுதான் வந்தது.

"அது கணக்குல வராது தாயி" என்றார் வீராச்சாமி.

செல்லாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கூப்பிட்டாள்.

"சுப்பன்."

சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"சுப்பன். சுப்பன்."

சிறைக்குள்ளிருந்து நாற்பத்தொரு தொண்டைகள் "இருக்கேன்" என்றன. கூப்பிட்டது ஒருத்தி, வந்தது நாற்பத்தொரு பேர். வீராச்சாமி கல்லை ஒருமுறை படித்துப் பார்த்தார். பதில் சொன்னவனை மறிக்கக் கூடாது என்றுதான் இருந்தது, எத்தனை பேர் என்று இல்லை. கதவைத் திறந்தார். செல்லாயியின் சுப்பன் கடைசியாக வந்தான். அந்தக் குரலில் தன் பெயரைக் கேட்டறியாதவன் என்பதால் யார் கூப்பிட்டது என்று தேடினான்.

"நீயா கூப்பிட்ட?"

"வேற யாரு" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள்.

தலைமை அமைச்சர் சட்டத்தை உடனே திருத்த ஓலையை எடுத்துக்கொண்டு ராஜாவிடம் போனார். திருத்துவதென்றால் பழைய சட்டத்தை ராஜாவின் முன்னால் உரக்கப் படிக்க வேண்டும். படித்தால் பெயரைச் சொல்ல வேண்டும். ஓலையோடு அப்படியே நின்றார்.

"யாரோ வெளியே போனார்களாமே?" என்றார் ராஜா.

"மகாராஜாவுக்குப் பிடிக்காத பெயரை உடையவர்கள்."

"எந்தப் பெயர்?"

தலைமை அமைச்சர் தரையைப் பார்த்தார். ராஜா வெகுநேரம் யோசித்தார். அவருக்கு நினைவு வரவில்லை.

"எனக்குப் பிடிக்காத பெயர் என்று ஒன்று இருந்ததா?"

"இருந்தது, மகாராஜா. மிகவும் பிடிக்காது."

"அப்படியானால் சட்டம் இருக்கட்டும்" என்றார் ராஜா.

அந்தத் தை மாதம் ராஜாவின் பேரனுக்கு மூன்று வயது நிறைந்தது. பெயர் வைக்க வேண்டும். நாட்டில் எவனுக்கும் இல்லாத பெயராக வேண்டும் என்று ராஜா சொன்னார். புலவர்கள் பட்டியல் கொடுத்தார்கள். ஒவ்வொரு பெயரிலும் எங்காவது ஒருவன் இருந்தான். ஒருநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருக்கையில் ராஜாவுக்குத் தானாகவே ஒரு பெயர் வாயில் வந்தது. ஈரத்தோடு சபைக்கு வந்துவிட்டார்.

"சுப்பன்" என்றார். "கேள்விப்பட்டிருக்கிறீர்களா?"

கேள்விப்பட்டதே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

"சொல்வதற்கு எவ்வளவு இதமாக இருக்கிறது!"

விழா நடந்தது. ராஜா பேரன் முன்னால் உட்கார்ந்து மூன்று முறை கூப்பிட்டார். குழந்தை "இருக்கேன்" என்றது. மறுநாள் புதுச் சட்டம் வந்தது. இளவரசரின் திருநாமத்தை ராஜாவைத் தவிர எவரும் சொல்லக் கூடாது, அதைத் தாங்கும் தகுதி வேறெவருக்கும் கிடையாது. எழுத்தர் பழைய ஓலையை எடுத்து, 'பிடிக்காததால்' என்ற இடத்தில் 'பிடித்ததால்' என்று மாற்றினார். வேறெதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

நாற்பத்தொரு பேரும் மறுபடியும் உள்ளே போனார்கள். இது தண்டனை அல்ல, மரியாதை என்பதால் ஏழே நாள்தான் என்று நீதிபதி விளக்கினார். சுப்பன் அப்போதுதான் வீட்டுக்குக் கதவு செய்து, ஒரு பக்கக் கீல் மாட்டியிருந்தான்.

அரண்மனையில் வேறொரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. தாதிகள் குழந்தையை "அவர்கள்" என்றார்கள். பெற்ற தாய் "இளவரசர்" என்றாள். பெயர் சொல்ல உரிமையுள்ள ஒரே மனிதருக்கு வேலை அதிகம். மூன்று முறை கூப்பிட்டுக் கொடுத்த பெயர், அதற்குப்பின் ஒருமுறைகூடக் கூப்பிடப்படவில்லை. குழந்தை மேல்மாடச் சன்னலைப் பிடித்துக்கொண்டு, கூப்பிடாமலே "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். பாவமாகத்தான் இருந்தது.

ஏழு நாள் முடிந்தது. எட்டாம் நாள் செல்லாயி வந்தாள். கூடவே நாற்பது பெண்களும் வந்தார்கள். வீராச்சாமி ஓலையைப் பார்த்தார். "மனைவியர் நீங்கலாக" அப்படியே இருந்தது. ஒதுங்கி நின்றார். இந்த முறை செல்லாயி கண்ணை மூடவில்லை. நாற்பத்தொரு பெண்களும் ஒரே குரலாக மூன்று முறை கூப்பிட்டார்கள். சிறையிலிருந்து "இருக்கேன்" என்று முழக்கம் வந்தது. அது அடங்கியபின், மேல்மாடத்திலிருந்து ஒரு சின்னக் குரலும் "இருக்கேன்" என்றது.

தாதிகள் பிடிப்பதற்குள் குழந்தை படியிறங்கி ஓடிவந்தது. சிறையிலிருந்து வந்தவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து வாயிலைத் தாண்டிப் போய்விட்டது. பின்னாலேயே ஓடிவந்த தலைமை அமைச்சர் மறிக்கும்படி உத்தரவிட்டார். வீராச்சாமி கல்லைக் காட்டினார். மூன்றாம் அழைப்புக்குப் பதில் சொன்னவர் எவரையும் மறிக்க முடியாது என்றும், நாற்பத்திரண்டு பேர் பதில் சொன்னார்கள், நாற்பத்திரண்டு பேர் போயிருக்கிறார்கள் என்றும் பணிவாகச் சொன்னார்.

கடைசியில் ராஜாவே மூச்சிரைக்க வாயிலுக்கு வந்தார். பேரன் வெளியே சுப்பன் தோளில் உட்கார்ந்திருந்தான். ராஜா கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டிக் கூப்பிட்டார்.

"சுப்பா!"

பல் கூசவில்லை. பெயர் வாய்க்கு இதமாகவே இருந்தது. குழந்தை திரும்பவில்லை, அது வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. நாற்பத்தொரு பேர் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தையைத் தோளில் வைத்திருந்தவன் ஓரடி முன்னால் வந்து கும்பிட்டான்.

"இருக்கேன் மகாராஜா. மூணாம் ஏரி மடைப்பலகை இன்னும் மாத்தலீங்க. வீட்டுக் கதவுதான் நிக்குது. அடுத்த மழைக்குத் தாங்காதுங்க."

ராஜா முகத்தைச் சுளித்தார். புளியங்காயைக் கடித்ததுபோல அவருக்குப் பல் கூசியது. கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டார்.

தலைமை அமைச்சர் புது ஓலை ஒன்றை எடுத்துக்கொண்டு அருகில் வந்து, இந்த முறை எந்தப் பெயர் என்று பணிவோடு கேட்டார்.